நோ இல்லை: தமிழ் எழுத்து போனுக்குள் வந்த கதை

2011 மாரி காலம். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தா. நாங்கள் அப்போது வவுனியாவில். சித்திதான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. இரவு ஒன்பது மணிபோல அம்மாவின் போனுக்குச் சித்தியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதின தமிழ். முதலில் ‘அக்கா’, ‘அம்மா’, ‘இப்ப’ என்று மூன்று சொற்கள். பிறகு என், ஓ என்று இரண்டே எழுத்து. அதுக்குப் பிறகு ‘இல்லை’.

அம்மா அதை வாசித்தது இப்படி: “அக்கா, அம்மா இப்ப… நோ… இல்லை.”

அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. அப்பா போனை வாங்கித் திரும்பத் திரும்பச் சித்திக்கு எடுத்தார். சித்தியின் போன் ஓஃப். அந்த அரை மணித்தியாலம் எங்கட வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. கடைசியில் சித்தி தானே எடுத்தா.

“ஐயோ அக்கா, நோ இல்லை எண்டுதானே போட்டனான். நோகேல்லை எண்டு. ஊசி போட்டவை, இப்ப நல்ல நித்திரை. சாச் இல்லாமப் போச்சு, இப்பதான் போட்டனான்.”

எங்கட பக்கத்தில் வலியை ‘நோ’ என்றுதான் சொல்லுவோம். பல்லு நோ, வயித்து நோ, கால் நோ. அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆங்கிலத்தின் ‘நோ’ ஆகிவிடுகிறது. சித்தி அனுப்பினது நல்ல செய்தி. அம்மா வாசித்தது செத்தவீட்டுச் செய்தி.

இப்போது இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அம்மாவும் சித்தியும் தமிழில் படித்தவர்கள். தமிழில் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிப் பழகினவர்கள். இரண்டு பேரும் ஏன் போனில் மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதினார்கள்?

தமிழ் தினப் பேச்சுகளில் இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது: சோம்பல், ஆங்கில மோகம், மொழிப்பற்று இல்லை. நானும் பாடசாலையில் அப்படிப் பேசிப் பரிசு வாங்கினவன்தான். பிறகு தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. சித்தி அன்றைக்குப் போட்டது ஒரு கணக்கு. அந்தக் கணக்கை அவவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனே சொல்லிக் கொடுத்திருந்தது.

160 எங்கிருந்து வந்தது?

1985இல் ஜேர்மனியின் பொன் நகரத்தில் பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற பொறியியலாளர் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்து மனதில் தோன்றிய வசனங்களை, கேள்விகளை அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று எண்ணினார். பெரும்பாலும் எல்லாமே 160க்குள் அடங்கின. தபால் அட்டைகளில் ஆட்கள் எழுதுவதையும் பார்த்தார். அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்று தீர்மானமானது. ஐரோப்பா அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த ஜி.எஸ்.எம். தொலைபேசித் தரத்துக்குள் அந்த எண் போய் இருந்துவிட்டது. 1992 டிசம்பர் 3இல் பிரித்தானியாவில் முதலாவது குறுஞ்செய்தி போனது. அதில் இருந்தது ஒரு நத்தார் வாழ்த்து.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். அதாவது 1120 பிட். ஒரு எழுத்துக்கு 7 பிட் என்று பிரித்தால் 160 எழுத்து. ஆனால் 7 பிட்டில் 128 இடங்கள்தான் கிடைக்கும். அந்த 128க்குள் யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், ஜேர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளின் புள்ளி வைத்த எழுத்துகள், பத்துக் கிரேக்கப் பெரிய எழுத்துகள். ஐரோப்பாவில் ஐரோப்பியர்கள் தங்களுக்காகச் செய்த அட்டவணை அது. அதில் எங்களுக்கு எதிரான சதி ஒன்றும் இல்லை. எங்களை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அட்டவணையில் இல்லாத எழுத்தை அனுப்ப வேண்டும் என்றால் போன் வேறு முறைக்கு மாறும். அது ஒருங்குறி, யூனிகோட். அதில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருக்கிறது. ஆனால் குறுஞ்செய்தியில் ஒருங்குறியின் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். 1120ஐ 16ஆல் பிரித்தால் 70.

ஆங்கில எழுத்தில் 160. தமிழ் எழுத்தில் 70.

அந்த 70உம் முழு எழுபது இல்லை. ‘வணக்கம்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு அது ஐந்து எழுத்து. போனுக்கு ஏழு. ‘க்’ என்பது க-வும் புள்ளியுமாக இரண்டு, ‘ம்’ என்பதும் அப்படியே இரண்டு. ‘கி’, ‘கூ’, ‘கோ’ எல்லாமே இரண்டு இரண்டுதான். உயிர்மெய்யும் மெய்யும் நிறைந்த மொழியில் 70 குறி என்றால் ஏழெட்டுச் சொல்லில் முடிந்துவிடும். அதுக்கு மேலே போனால் செய்தி துண்டாகும். துண்டு துண்டாகப் போகிறபோது அவற்றைத் திரும்பச் சேர்க்கிற குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒரு துண்டில் 67 குறிதான். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் காசு.

சித்தியின் மெசேஜில் நோ இல்லை என்பது மட்டும் இல்லை. டொக்டர் வந்தது, சேலைன் ஏத்தினது, காலமை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்பது எல்லாம் இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜ் காசு. தமிழில் என்றால் மூன்று மெசேஜ் காசு. அந்த ஒரு மெசேஜுக்குள் எல்லாவற்றையும் அடக்கத்தான் அவ ‘அம்மாவுக்கு’ என்பதையும் ‘அம்மா’ என்று வெட்டியிருந்தா. ‘அம்மாவுக்கு இப்ப நோ இல்லை’ என்று வந்திருந்தால் என் அம்மா ஒருபோதும் பயந்திருக்க மாட்டா. நாலு எழுத்து மிச்சம் பிடிக்கப் போய் அரை மணித்தியாலம் செத்துப் பிழைத்தோம்.

இதெல்லாம் போனில் தமிழ் இருந்தால்தான். சித்தியின் பட்டன் போனில் தமிழே இல்லை. யாராவது தமிழில் அனுப்பினால் வரிசையாகப் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். 2005, 2010 காலத்தில் போன் பாவித்தவர்களுக்கு அந்தப் பெட்டிகள் மறந்திருக்காது.

இது முதல் தடவை இல்லை

புதிய கருவி ஒன்றுக்குள் தமிழ் இரவல் எழுத்தோடு நுழைவது நாங்கள் தொடங்கி வைத்தது என்று நினைக்க வேண்டாம். அச்சிலும் அதேதான் நடந்தது. தமிழில் அச்சான முதல் புத்தகம் 1554இல் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் வந்தது. கிறிஸ்தவ சமய போதனைக்கான சிறு நூல். அதில் மொழி தமிழ், எழுத்தோ உரோம எழுத்து. இன்றைக்கு நாங்கள் வாட்ஸ்அப்பில் எழுதுகிற அதே வேலை, 450 வருடத்துக்கு முன்னர். காரணமும் அதேதான். லிஸ்பனில் தமிழ் அச்செழுத்து இல்லை.

பிறகு எழுத்து வார்த்தார்கள். 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கேசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சானது. பதினாறு பக்கம். இரவல் எழுத்தில் இருந்து சொந்த எழுத்துக்கு வர 24 வருடம் எடுத்தது.

தட்டச்சு இயந்திரம் வந்தபோது வேறொரு பிரச்சினை. 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் எப்படி அடக்குவது? அந்தப் புதிரை அவிழ்த்தவர் எங்கட ஆள். சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. எழுத்தை அடித்ததும் தாள் நகர வேண்டும் என்பது தட்டச்சின் விதி. ஆனால் ‘வி’ போன்ற எழுத்தில் விசிறியும் வ-வும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதுக்கு அவர் தாளை நகர்த்தாத விசைகளைப் பாவித்தார். ஒரு எழுத்தை இரண்டு துண்டாக அடித்துத் தாளில் ஒட்டவைக்கிற யோசனை அது.

அந்தத் தட்டச்சு வரிசைதான் பிறகு கணினிக்கும் வந்தது. எங்களுக்குத் தெரிந்த பெயர் பாமினி. பிரதேச செயலகத்துக் கடிதம், கலியாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள் என்று இலங்கையில் பாமினி போகாத இடம் இல்லை. ஊரில் எந்தக் கொமினிகேசனுக்குப் போனாலும் ஒரு பிள்ளை பாமினியில் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பாமினி ஒரு வேஷம். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, அதுக்கு மேலே தமிழ் முகமூடி. ‘தமிழ்’ என்று நீங்கள் அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்தக் கோப்பை பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்கு, பாமினியையும் கூட்டிக்கொண்டுதான் தமிழ் பயணம் செய்தது.

மேசைக் கணினியில் அப்படிச் சமாளிக்கலாம். வேண்டிய எழுத்துருவைப் போட்டுவிட்டால் சரி. ஆனால் பட்டன் போனில் எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட வழி இல்லை. கொம்பனி தந்ததுதான் உங்களுக்கு.

சிக்னல் வந்தது, எழுத்து வரவில்லை

இலங்கைக்குக் கைத்தொலைபேசி வந்தது 1989இல், செல்டெல் நிறுவனத்தோடு. தெற்காசியாவின் முதலாவது கைத்தொலைபேசி வலையமைப்பு அது. 1995இல் இன்றைய டயலொக் ஜி.எஸ்.எம். சேவையைத் தொடங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் சாதாரண ஆட்களின் கைக்குப் போன் வரத் தொடங்கியது 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, வெளியில் இருக்கும் பிள்ளைக்கும் ஊரில் இருக்கும் தாய்க்கும் நடுவில் அந்தப் போன் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் நாங்கள் பழகினது மூன்று: மிஸ்ட் கோல் அடிக்கிறது, ரீலோட் போடுறது, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுறது. மூன்றுக்கும் பின்னால் காசுக் கணக்குத்தான் இருந்தது. ‘வந்து சேர்ந்தாச்சு’ என்பதுக்கு ஒரு மிஸ்ட் கோல், ‘எடு’ என்பதுக்கு இரண்டு. சனத்தின் கெட்டித்தனம் அது. அதே கெட்டித்தனத்தின் இன்னொரு முகம்தான் ஆங்கில எழுத்துத் தமிழ். அதை மோகம் என்று திட்டுகிறவர்கள் மிஸ்ட் கோலை ஏன் திட்டுவதில்லை?

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஒருவர் எழுத்து வார்க்கத் தொடங்கியிருந்தார். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்தவர். 2005 பொங்கலை ஒட்டி அவருடைய ‘செல்லினம்’ சிங்கப்பூரில் வெளியானது. போனில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்புகிற செயலி. ஸ்மார்ட்போன் வருவதுக்கு முன்னமே, ஜாவா ஓடுகிற சின்னத் திரைப் போன்களுக்குச் செய்தது. முத்தையாவின் வேலையும் மலாயாப் பக்கம், இதுவும் மலாயாப் பக்கம். பிழைக்கப் போன இடத்தில் எங்கட ஆட்கள் எழுத்தையும் கையோடு கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆரம்பகால அன்ட்ரொயிட் போன்களில் தமிழ் பெட்டியாகவே தெரிந்தது. சிலதில் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு க-வுக்குப் பின்னால் தனியே போய் நிற்கும். காரணம் இருக்கிறது. ‘கெ’ என்பதை ஒருங்குறி முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்துவர வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். அது போனில் இல்லை என்றால் எழுத்துரு இருந்தும் பயன் இல்லை. அந்த நேரம் தமிழ் வாசிக்க எங்களுக்கு இருந்த ஒரே வழி ஒபெரா மினி. அதன் கொன்ஃபிக் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்கிற தெரிவை ‘யெஸ்’ ஆக்க வேண்டும். வகுப்பில் அந்த வித்தை தெரிந்த பெடியனுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது.

2013 செப்டெம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 7இல் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் போனோடேயே வந்தன. அன்ட்ரொயிட்டும் அடுத்தடுத்த பதிப்புகளில் தமிழை ஒழுங்காகக் காட்டத் தொடங்கியது. கூகிளின் விசைப்பலகை வந்தது. 1992இல் முதல் குறுஞ்செய்தி, 2013இல் பெட்டியைத் திறந்தவுடன் தமிழ் விசைப்பலகை இருக்கிற ஐபோன். 21 வருடம். லிஸ்பனில் இருந்து கொல்லத்துக்குப் போக எடுத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான்.

கணக்கு மாறியது, பழக்கம் மாறவில்லை

இதோடு இன்னொரு மாற்றமும் நடந்தது. அதை நாங்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப்பும், வெளிநாட்டுச் சொந்தங்களோடு கதைக்க எங்கட வீடுகளுக்குள் வந்த வைபரும் எழுத்துக்குக் காசு எடுப்பதில்லை. டேட்டா இருந்தால் போதும். 160உம் இல்லை, 70உம் இல்லை. சித்தி போட்ட கணக்கு செத்துவிட்டது.

ஆனால் அந்தக் கணக்கு பழக்கின கை இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசியாக நீங்கள் அனுப்பின பத்து மெசேஜைப் பாருங்கள். என்னுடையதைப் பார்த்தேன். ஆறு ஆங்கில எழுத்தில்.

எழுத்து மாற்றி எழுதுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முஸ்லிம்கள் நூற்றாண்டுக் கணக்காக அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று அதுக்குப் பெயர். மார்க்க நூல்கள், பாடல்கள், கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கிற எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். அதில் ஒழுங்கு இருந்தது. ஒருவர் எழுதினதை இன்னொருவர் பிழையில்லாமல் வாசிக்கலாம்.

எங்கட ஆங்கில எழுத்துத் தமிழுக்கு அப்படி ஒரு ஒழுங்கும் இல்லை. பீ, ஏ, எல், ஏ, எம் என்று எழுதினால் அது பலமா, பழமா, பாலமா? அவரவர் ஊகம். ‘மருந்து’ என்பதை எங்கட குடும்பக் குறூப்பில் நாலு பேர் நாலு விதமாக எழுதுகிறார்கள். அம்மாவுக்கு டொக்டர் மாற்றித் தந்த குளிசையின் பெயரைப் போன மாதம் யாரோ அதில் போட்டிருந்தார்கள். நான் ‘மருந்து’ என்று தேடினேன், வரவில்லை. பிறகு ஒவ்வொரு விதமாக அடித்து அடித்துத் தேடி, மூன்றாவது தடவையில் கிடைத்தது. எழுத்தில் ஒழுங்கு இல்லாவிட்டால் எங்கட வீட்டுச் சரித்திரத்தையே எங்களால் தேடி எடுக்க முடியாது. முந்தின தலைமுறை கடிதங்களை ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தது. எங்கட கடிதங்கள் இந்தக் குறூப்புகளுக்குள்தான் கிடக்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மம்மா அந்த முறை சுகமாகி வீட்டுக்கு வந்தா. பிறகு சில வருடத்தில் மாமா ஒரு ஸ்மார்ட்போனும் அனுப்பினார். அம்மம்மா ஒவ்வொரு நாளும் பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கிறவ. ஆனால் பேரப்பிள்ளைகள் அனுப்புகிற மெசேஜ் ஒன்றையும் அவவால் வாசிக்க முடியவில்லை. போனை நீட்டி, “இதில என்ன எழுதியிருக்கு மோனை?” என்று கேட்பா. எழுத வாசிக்கத் தெரிந்த மனிசியை நாங்கள் எழுத்தறிவு இல்லாதவ ஆக்கி வைத்திருந்தோம். எங்களுக்குள் கெட்டித்தனமாக இருந்த பழக்கம் அவவுக்கு முன்னால் ஒரு சுவராக நின்றது.

அதுக்குப் பிறகுதான் நான் விசைப்பலகையை மாற்றினேன். செட்டிங்ஸுக்குள் போய்த் தமிழைச் சேர்க்க இரண்டு நிமிஷம். கை பழக இரண்டு கிழமை. ரைப் பண்ணப் பஞ்சி என்றால் கூகிளின் குரல் தட்டச்சில் ‘தமிழ் (இலங்கை)’ என்றே ஒரு தெரிவு இருக்கிறது. எங்கட பேச்சு அதுக்கு எல்லா நேரமும் விளங்குவதில்லை. ‘கதைச்சனான்’ என்றால் சில நேரம் தடுமாறும். ஆனால் தடுமாறினாலும் தமிழ் எழுத்தில்தான் தடுமாறும்.

நான் தமிழில் அனுப்பின முதல் மெசேஜ் அம்மம்மாவுக்குத்தான். “அம்மம்மா, சாப்பிட்டாச்சோ? கால் நோ எப்பிடி?” என்று கேட்டிருந்தேன். பதில் எழுத அவவுக்குத் தெரியாது. சித்தியைக் கொண்டு கோல் எடுப்பித்தா. முதல் வார்த்தையே, “உன்ர கடிதம் கிடைச்சது” என்பதுதான்.

பிறகு சொன்னா, நோ இல்லையாம்.